ஏழு மணித் தேநீர்

டாம்வொர்த்
4 மார்ச் 2019

அன்புள்ள அக்கா,

முதலில் பேரப்பிள்ளைகள் விஷயம். ஜெம்மா நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம் தேறிவிட்டாள். குழந்தைகள் வார்டில் பயிற்சிக்குப் போட்டிருக்கிறார்கள். "இந்தப் பொண்ணு கை பட்டா அழற குழந்தை வாய மூடிக்குது" என்று அங்கே பெரிய நர்ஸ் சொன்னாளாம். கேலமை ரயில் பட்டறையில் மின்சார வேலை பழக எடுத்துக்கொண்டார்கள். எத்தனையோ பேர் மனுப் போட்டார்கள், இவனுக்குக் கிடைத்தது. அவன் அம்மாவுக்கே நம்பிக்கை இல்லை, எனக்கு இருந்தது. பாப்பி நீச்சலில் வெள்ளிப் பதக்கம் வாங்கினாள். நானும் உங்கள் பெரிய பாட்டியும் குதிரை இழுக்கிற கால்வாய்ச் சரக்குப் படகிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், ஆனால் நீந்தத் தெரியாது என்று அவளிடம் சொன்னேன். "அப்ப தண்ணியில விழுந்தா என்ன பண்ணுவீங்க?" என்றாள். "விழ மாட்டோம்" என்றேன். சின்னவன் தியோவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ஆனாலும் நாயை அதட்டுகிறான், நாயும் அடங்குகிறது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

போதும், பெருமை பேசியாயிற்று. இப்போது உன் விஷயம்.

நீ பிப்ரவரியில் மறுபடி ஆஸ்பத்திரியில் கிடந்ததை உன் முதியோர் இல்லத்து மேலாளர் திருமதி பிளென்கின்தான் எனக்குச் சொன்னார். நீ எழுதவில்லை. சிறுநீரில் கிருமி, இந்தக் குளிர்காலத்தில் இரண்டாவது தடவை. உடம்பில் தண்ணீரே இல்லை, குடிக்காமல் கிடக்கிறார், இன்னொரு முறை வந்தால் ரத்தத்தில் கலந்துவிடும், எண்பத்து நாலு வயதில் அதிலிருந்து மீள்வது கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பாத்திரம் பாத்திரமாகத் தேநீர் குடிக்கிறவள் ஆயிற்றே நீ. உனக்குக் காது கேட்காமல் போனதால் தொலைபேசியில் கத்தியும் பயனில்லை. அதனால் எழுதிக் கேட்கிறேன்: ஏன் குடிப்பதில்லை?

நான் நோயாளர் குரல் குழுவில் இருப்பது உனக்குத் தெரியும். கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு ஊர் வம்பு கேட்கிறாள் என்று நீ சொல்வது எனக்கும் தெரியும். வம்பு இல்லை அக்கா. டாக்டரிடமும் ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் ஜனங்களுக்கு என்ன நடக்கிறது என்று அவர்கள் வாயாலேயே கேட்டு, நடத்துகிறவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. சம்பளம் கிடையாது. பேருந்துச் செலவும் பிஸ்கட்டும் உண்டு. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத என்னை எதற்குச் சேர்த்தீர்கள் என்று எங்கள் தலைவி பிரெண்டாவிடம் கேட்டேன். "எழுத ஆள் இருக்கு ரோசினா. உக்காந்து கேக்கத்தான் ஆள் இல்ல" என்றாள்.

போன சனிக்கிழமை சந்தையில் மேசை போட்டிருந்தோம். காலில் கட்டோடு ஒரு பெரியவர் வந்தார்.

"டாக்டர் பாக்குறதெல்லாம் எப்படிங்க?" என்றேன்.

"குறை சொல்ல ஒண்ணுமில்ல கண்ணு."

"இந்தக் கட்ட எங்க மாத்துறீங்க?"

"அடுத்த ஊர்ல. ரெண்டு பஸ்ஸு. போன வாரம் ரெண்டாவது பஸ்ஸு வரல, பழைய சட்டையக் கிழிச்சு நானே கட்டிக்கிட்டேன்."

"இது குறை இல்லையா?"

"அவங்க பாவம், என்ன பண்ணுவாங்க?"

குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிச் சொல்லியே இந்த ஊர் ஜனங்கள் பாதி உயிரை விட்டுவிடுகிறார்கள்.

வசந்தத்தில் எங்கள் ஆட்கள் லீக் ஊரில் உங்கள் லார்ச்ஃபீல்ட் இல்லத்துக்கு வருகிறார்கள். உள்ளே போய்ப் பார்க்கவும் இருப்பவர்களோடு பேசவும் எங்களுக்கு அனுமதி உண்டு. நீ என் அக்கா என்பதால் நான் வரக் கூடாது. அது விதி. பிரெண்டா வருவாள். அவளிடம் உண்மையைச் சொல்.

உன் தங்கை,
ரோசினா


லீக்
11 மார்ச்

ரோசி,

கடிதம் கிடைத்தது. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான். உன் கடிதத்தில் ஒரு பிள்ளையாவது ஒரு தடவையாவது தோற்று நான் பார்த்ததில்லை. கேலம் ஒரு தடவை தோற்றால் அதையும் எழுது, அவன்மேல் எனக்கு இன்னும் பிரியம் வரும்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. அறை வெதுவெதுப்பாக இருக்கிறது. ஜன்னலில் சர்ச் கோபுரம் தெரிகிறது. வியாழக்கிழமைகளில் ஓட்ஸ் ரொட்டியில் சீஸும் பன்றிக்கறியும் வைத்துத் தருகிறார்கள், நம் ஊர் மாதிரியே செய்கிறார்கள். அடுத்த அறையில் எல்லிஸ். பஸ் ஓட்டியவர், இன்னும் நாற்காலியில் உட்கார்ந்து வளைவு திரும்புகிறார். இரவில் நியாஷா இருக்கிறாள். ஜிம்பாப்வே நாட்டுப் பெண். என் காது கேட்காது என்று தெரிந்து கத்தாமல் முகத்துக்கு நேராக வந்து பேசுகிறவள் அவள் ஒருத்திதான். அப்படிப் பேசினால் எனக்கு எல்லாம் புரிகிறது.

குடிப்பது பற்றி. வயதானால் தாகம் குறையும். அவ்வளவுதான்.

உன் ஆட்கள் வரட்டும். உட்காரச் சொல்வேன். ஆனால் நாம் கரைக்காரர்களிடம் வாய் திறந்து பழகியவர்கள் இல்லை. கால்வாய் மதகுக்காரன் எட்டிப் பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் அம்மா என்ன சொல்வாள்? "சொகமா இருக்கோம்." அடுப்பில் கரி இல்லாத அன்றும் அதுதான் பதில். படகுக் கேபினில் நடப்பது கேபினோடு. நீ கரையேறிக் கல்யாணம் செய்துகொண்டு மறந்துவிட்டாய்.

நவம்பருக்குப் பிறகு நீ வரவில்லை. இடுப்பு மூட்டு வலி, மூன்று பஸ் மாற வேண்டும், எல்லாம் தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன்.

லவீனியா


டாம்வொர்த்
20 மார்ச்

அன்புள்ள அக்கா,

இடுப்புக்கு ஆபரேஷன் தேதி இன்னும் வரவில்லை. வந்ததும் முதல் வேலை உன்னிடம் வருவதுதான். இதற்கு மேல் என்ன சொல்லட்டும்.

எங்கள் பயிற்சியில் ஒன்று சொல்லித் தருவார்கள். எப்படி இருக்கிறது என்று கேட்காதே, என்ன நடந்தது என்று கேள். அதனால் தாகத்தைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. ஒரே ஒரு கேள்வி. நேற்று கடைசியாக எத்தனை மணிக்கு ஏதாவது குடித்தாய்?

இதற்குமட்டும் பதில் போடு. சர்ச் கோபுரம் வேண்டாம்.

ரோசினா


லீக்
26 மார்ச்

ரோசி,

நாலு மணிக்கு. அரைக் கோப்பை.

காலை எட்டு மணிவரை அவ்வளவுதான். தினமும் அப்படித்தான், எல்லாருக்கும் அப்படித்தான். திருப்தியா?

லவீனியா


லீக்
15 ஏப்ரல்

ரோசினா,

நீ செய்த காரியம் நன்றாக இல்லை.

நேற்று மாலை ஆறரை மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் உன் பிரெண்டாவும் இன்னொரு ஆளும் வந்தார்கள். நியாஷா அப்போதுதான் கோட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் எல்லார் முன்னாலும் அவளிடம் பிரெண்டா கேட்டாள்: "நாலு மணிக்கு மேல இவங்களுக்குக் குடிக்க எதுவும் குடுக்கறதில்லைன்னு கேள்விப்பட்டோம். ஏன்?" எனக்குக் காது கேட்காது, ஆனால் உதடு படிக்கத் தெரியும். நியாஷாவின் முகம் எப்படிப் போனது என்று படிக்க உதடுகூட வேண்டியதில்லை.

இன்று காலை திருமதி பிளென்கின் அவளை அறைக்குள் கூப்பிட்டு நடந்ததை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குப் போகாமல் துணி அடுக்கும் அறையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். இங்கே வேலை போனால் இந்த நாட்டில் இருக்கவே அவளுக்கு அனுமதி போய்விடும்.

நாலு மணி என்று நான் சொன்னேன். தரவில்லை என்று சொன்னேனா?

ஏழு மணிக்குத் தேநீர் வண்டி வருகிறது. தினமும் வருகிறது. நியாஷா ஒவ்வொருவரிடமும் கேட்கிறாள். நாங்கள்தான் வேண்டாம் என்கிறோம். அவள் வருவதற்கு முன்பே கோப்பையைத் தட்டில் கவிழ்த்து வைத்துவிடுகிறோம். எல்லிஸ், அந்த ஓரத்து டீச்சரம்மா, நான், எல்லாரும். வண்டி நிறைந்தபடியே திரும்பிப் போகும்.

ஏன் என்றா கேட்கிறாய்? இரவில் இரண்டே பெண்கள். நாங்கள் இருபத்தெட்டுப் பேர். ஆள் பிடிக்காமல் கழிப்பறைக்குப் போக முடிந்தவர்கள் நாலு பேர்கூட இல்லை. அக்டோபரில் ஒரு ராத்திரி நியாஷா எல்லிஸைக் கழிப்பறையில் தாங்கிப் பிடித்திருந்தாள். இன்னொருத்தி என்னோடு இருந்தாள். மாடியில் ஒரு அம்மாள் மணியடித்துப் பார்த்து, யாரும் வராமல், தானே படுக்கையை விட்டு இறங்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். அவள் திரும்பி வரவில்லை. மறுநாள் ஏழு மணிக்கு எல்லிஸ் கோப்பையைக் கவிழ்த்தார். நானும் கவிழ்த்தேன். யாரும் யாரிடமும் எதுவும் பேசவில்லை.

இது எங்கள் கேபின். நீ கதவைத் திறந்துவிட்டாய். இனி எனக்கு எழுதாதே.

லவீனியா


டாம்வொர்த்
22 ஏப்ரல்

அன்புள்ள அக்கா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

நீ சொன்னது பாதி, நானாகக் கட்டியது பாதி, அப்படியே பிரெண்டாவிடம் சொல்லிவிட்டேன். பிரெண்டா நேற்றே லார்ச்ஃபீல்டுக்குத் தொலைபேசியில் பேசி, நியாஷாமேல் எந்தத் தப்பும் இல்லை, எங்களுக்குக் கிடைத்த தகவல் தப்பு என்று திருமதி பிளென்கினிடம் சொல்லிவிட்டாள். அதை எழுத்திலும் கொடுத்திருக்கிறாள். என்னையும் கூப்பிட்டுத் திட்டினாள். "உங்க அக்காவப் பத்தின விஷயத்துல நீங்க தலையிடக் கூடாதுன்னு விதி சும்மாவா வெச்சிருக்கு?" என்றாள். வாங்கிக்கொண்டேன்.

ஆனால் அக்கா, இனி நடக்கப்போவதைக் கேள். நாங்கள் பார்த்ததை அறிக்கையாக எழுதி அச்சுக்கு முன் இல்லத்துக்கு அனுப்புவோம். அவர்கள் பதில் எழுதுவார்கள். இரண்டும் சேர்ந்து அச்சாகும். இப்போது அந்த அறிக்கையில் என்ன எழுத முடியும் தெரியுமா? ஏழு மணிக்குத் தேநீர் தரப்படுகிறது, வசிப்பவர்கள் வேண்டாம் என்கிறார்கள், குறை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். அப்படியே அச்சாகும். ராத்திரிக்கு இரண்டே பேர் என்பது அப்படியே இருக்கும். நீங்கள் எல்லாரும் மரியாதையாக வறண்டு சாவீர்கள்.

பிரெண்டா எத்தனை தடவை வந்தாலும் கவிழ்ந்த கோப்பைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. கவிழ்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் செல்லாது. நீ சொல்.

ரோசினா


லீக்
3 மே

ரோசி,

நியாஷாவின் விஷயம் சரியாகிவிட்டது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் சொல்ல மாட்டேன். ராத்திரியில் இருவர் போதவில்லை என்று சொன்னால் அந்த இருவருக்கும் வேலை தெரியவில்லை என்றுதான் மேலே இருக்கிறவர்கள் படிப்பார்கள். எந்த இடத்திலும் முதலில் கைவைப்பது கீழே இருப்பவர்மேல்தான். நீயே போன மாதம் அதைத்தானே செய்தாய்.

அதோடு, எண்பத்து நாலு வயதில் ஊர் பேர் தெரியாதவர்களிடம் நான் ராத்திரி எத்தனை தடவை கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்வதா? எழுதுகிறவள் நீயாக இருந்தாலும் கூசுகிறது.

இங்கே வெயில் அடிக்கிறது. தலை கொஞ்சம் வலிக்கிறது, அது வெயிலால்.

லவீனியா


ஞாயிறு

ரோசி

மதகு இன்னும் திறக்கவில்லை. அப்பா குதிரையை அவிழ்க்கவில்லை, அது நின்றுகொண்டே தூங்குகிறது. தண்ணீர் இறங்குகிறது, அடிப்பலகை தரை தட்டுகிறது, கேட்கிறதா. உன்னைக் கூரைமேல் கட்டி வைத்திருக்கிறேன், விழுந்துவிடாதே. அம்மா வாளியை எங்கே வைத்தாள். நாக்கு ஒட்டிக்கொள்கிறது. மதகுக்காரனிடம் சொல்லாதே சொகமா

(ரோசினாம்மா, நான் நியாஷா. இதை எழுதிக்கிட்டு இருக்கும்போதே அம்மா சாஞ்சுட்டாங்க. ஆம்புலன்ஸ் வந்து கூட்டிட்டுப் போயிடுச்சு. திருமதி பிளென்கின் உங்களுக்குப் பேசறேன்னு சொன்னாங்க. கையில இந்தக் காகிதம் இருந்துச்சு. உங்களுக்குத்தான்னு நினைச்சு அனுப்பறேன்.)


டாம்வொர்த்
29 மே

அன்புள்ள அக்கா,

நீ லார்ச்ஃபீல்டுக்குத் திரும்பிவிட்டாய் என்று ஜெம்மா கேட்டுச் சொன்னாள். இப்போதுதான் பேனாவைப் பிடிக்கக் கை வந்தது.

நான் வந்திருந்தது உனக்கு நினைவிருக்காது. ஜெம்மா காரில் கூட்டி வந்தாள். இடுப்பு வலி அன்று எங்கே போனது என்று தெரியவில்லை. நீ என்னைப் பார்த்து, மதகைத் திறக்கச் சொல்லு என்றாய். திறந்தாயிற்று அக்கா என்றேன். உதட்டில் பஞ்சை நனைத்து வைக்கக் கற்றுக் கொடுத்தாள் ஜெம்மா. அதை வைத்துக்கொண்டு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் உட்கார்ந்திருந்தேன். ஜெம்மா என் பேத்தியாக இல்லாமல் நர்ஸாக என்னிடம் பேசினாள்: "பாட்டி, இவங்க பொழச்சா அது அதிர்ஷ்டம். அடுத்த தடவை அதிர்ஷ்டத்த எதிர்பாக்காதீங்க."

நீ பிழைத்தாய்.

இனி நான் உன்னை எதற்கும் வற்புறுத்த மாட்டேன். பயந்துபோய்விட்டேன். நீ கோபித்துக்கொண்டு வருஷக்கணக்கில் எழுதாமல் இருந்தாலும் பரவாயில்லை, லீக் ஊரில் ஒரு ஜன்னல் ஓரத்தில் நீ உட்கார்ந்து கோபித்துக்கொண்டிருந்தால் போதும்.

ஒரு செய்தி மட்டும். பிரெண்டா அறிக்கையை இன்னும் அனுப்பவில்லை. ஜூன் பன்னிரண்டாம் தேதி ஏழு மணிக்கு மறுபடி வருகிறாள். திருமதி பிளென்கினிடம் முன்னாலேயே சொல்லிவிட்டாள். காகிதம் பேனா கொண்டுவர மாட்டாள். உங்களோடு உட்கார்ந்து தேநீர் குடிப்பாள், குடித்துவிட்டுப் போவாள். நான் எதுவும் அவளிடம் சொல்லவில்லை, சத்தியமாக.

ரோசினா


லீக்
14 ஜூன்

ரோசி,

கை நடுங்குகிறது, எழுத்து கோணலாகத்தான் வரும். பொறுத்துப் படி.

ஆஸ்பத்திரியில் நீ இருந்தது கொஞ்சம் நினைவிருக்கிறது. பஞ்சு நினைவிருக்கிறது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம்.

பிரெண்டா வந்தாள். சொன்னபடி வெறும் கையோடு. எல்லிஸ் பக்கத்தில் உட்கார்ந்து பஸ் கதை கேட்டாள். ஏழு மணிக்கு வண்டி வந்தது. அதற்குள் எல்லாக் கோப்பைகளும் கவிழ்ந்திருந்தன. என்னுடையதும்தான், கை பழக்கத்தில் போய்விடுகிறது. நியாஷா முகத்துக்கு நேராக வந்து கேட்டாள், "லவீனியாம்மா, டாக்டர் சொன்னாரில்ல, கொஞ்சமாவது?"

அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து அவள் தூங்கவில்லை என்று எல்லிஸ் சொல்லியிருந்தார். தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று நான் இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோப்பையை நிமிர்த்தி வைத்தேன்.

"ஊத்து. முழுசா ஊத்து" என்றேன். எனக்குக் கேட்காததால் சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன், எல்லாரும் திரும்பினார்கள். பிரெண்டாவைப் பார்த்துச் சொன்னேன்: "இங்க யாருக்கும் தாகம் இல்லைன்னு நெனச்சியா? எல்லாருக்கும் நாக்கு வறண்டு கெடக்கு. குடிச்சா ராத்திரி மணியடிக்கணும். அடிச்சா இந்த ரெண்டு பொண்ணுங்கள்ல ஒருத்தி ஓடி வரணும். அப்ப இன்னொருத்தர் விழுவாங்க. அதனால கவுத்து வெக்கிறோம். யாரும் எங்களக் கவுக்கச் சொல்லல."

அப்புறம் எல்லிஸ், "நான் பஸ் ஓட்டினவன். எட்டு மணி நேரம் அடக்கப் பழகினவன். இவங்களுக்கு அந்தப் பயிற்சி இல்ல" என்றார். டீச்சரம்மா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். கோப்பையை அவளும் நிமிர்த்தினாள்.

திருமதி பிளென்கின் வாசற்படியில் நின்றிருந்தார். வந்து என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்கிட்ட ஏன் யாருமே சொல்லல?"

"நீ தெனமும் எட்டிப் பார்த்து 'எல்லாம் சரிதானே'ன்னு கேட்ட. சரின்னோம்."

அவர் கோபப்படவில்லை. அந்த அம்மாள் கெட்டவர் இல்லை ரோசி. சாயங்காலத்துக்கு ஒரு ஆள் கூடுதலாக வேண்டும் என்று முதலாளிகளிடம் இரண்டு தடவை கேட்டாராம். "வசிக்கறவங்க யாரும் குறை சொல்லலையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவர் வாயையும் அடைத்து வைத்திருந்திருக்கிறோம்.

அன்று இரண்டு கோப்பை குடித்தேன். ராத்திரி மணியடித்தேன். நியாஷா மாடியில் இருந்தாள், வர நேரமாயிற்று. படுக்கை நனைந்துவிட்டது. வாயில் வராத வார்த்தை இது, ஆனால் மறுநாள் பிரெண்டா தொலைபேசியில் விசாரித்தபோது நியாஷாவை விட்டு அதையும் சொல்லச் சொன்னேன். ஒரு ஆள் குறைந்தால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

பெயர் போட மாட்டோம், ஒருவர் சொன்னார் என்றுதான் எழுதுவோம் என்கிறாள் பிரெண்டா. அது வேண்டாம். ஒருவர் என்று போட்டால் யாரோ நியாஷாமேல் புகார் சொன்னதாகத்தான் படிப்பார்கள். லவீனியா ஹோலோவே சொன்னாள் என்று போடச் சொல். எல்லிஸ் தன் பெயரையும் போடச் சொல்கிறார், ஓட்டிய பஸ்ஸின் எண்ணோடு.

லவீனியா


டாம்வொர்த்
8 ஜூலை

அன்புள்ள அக்கா,

அறிக்கை அச்சாகிவிட்டது. பிரெண்டா எனக்கு ஒரு பிரதி கொடுத்தாள், உன் பெயர் இருக்கிற பக்கத்தில் மூலை மடித்து. பெயர் போடலாமா கூடாதா என்று அலுவலகத்தில் பெரிய விவாதம் நடந்ததாம். நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததால் விட்டார்கள். எல்லிஸின் பெயர் இருக்கிறது, பஸ் எண் இல்லை. அவரிடம் பக்குவமாகச் சொல்.

இல்லத்தின் பதிலும் கீழேயே அச்சாகியிருக்கிறது. மாலை நாலிலிருந்து இரவு பத்துவரை மூன்றாவதாக ஒரு ஆளை முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள், ஆறு மாதத்துக்கு. அதற்கப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள். பத்து மணிக்குப் பிறகு பழையபடி இரண்டு பேர்தான். பிரெண்டா ஜனவரியில் மறுபடி வருவாள். அதுவரை விடாதே. பத்து மணிக்கு மேல் மணியடித்து நேரமானால் அதையும் சொல். திருமதி பிளென்கினிடமே சொல், அவர் இப்போது வேறு மாதிரி கேட்கிறாராமே.

இந்த மாதம் சந்தையில் ஒரு அம்மாளிடம் உன் கதையைச் சொன்னேன். பெயரோடுதான், நீதான் அனுமதி கொடுத்துவிட்டாயே. குறை ஒன்றுமில்லை என்று நகரப் பார்த்தவள், கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, "சரி, உக்காரட்டுமா?" என்றாள். அரை மணி நேரம் பேசினாள்.

உனக்குச் சந்தோஷமான ஒரு செய்தி. கேலம் பட்டறையில் முதல் பரீட்சையில் தோற்றுவிட்டான். அவன் சொல்லாமல் மறைத்துவைத்திருந்தான், நான் கண்டுபிடித்தேன். உனக்கு எழுதப்போகிறேன் என்றேன். "பெரிய பாட்டிக்கா? எழுதுங்க, அவங்க ஒருத்தங்கதான் திட்ட மாட்டாங்க" என்றான்.

இடுப்பு ஆபரேஷன் செப்டம்பர் கடைசியில். அது முடிந்து நடக்க ஆரம்பித்ததும் மூன்று பஸ் மாறி வருகிறேன். அதுவரை ஒரு காரியம் செய். என்னிடம் இருக்கிற உன் படம் மே மாதம் ஆஸ்பத்திரியில் ஜெம்மா எடுத்தது. கன்னம் ஒட்டி, கண் எங்கேயோ பார்த்து. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அது மேலே வந்து நிற்கிறது, எடுத்து எறியவும் மனம் வரவில்லை. நியாஷாவிடம் சொல்லி, நல்ல வெளிச்சத்தில் ஒரு புதுப் படம் எடுத்துக்கொள். அவளும் பக்கத்தில் நிற்கட்டும், அந்த முகத்தை நான் இன்னும் பார்த்ததில்லை. தொலைபேசியில் அனுப்ப வேண்டாம், எனக்கு அதில் பார்க்கத் தெரியாது. காகிதத்தில் போட்டு, மடங்காமல் அட்டை வைத்து, தபாலில் அனுப்பு.

உன் தங்கை,
ரோசினா